கூடாதுகளின் பட்டியல்

சென்ற மாதம் நண்பரொருவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அவர் கவிஞர், அமெரிக்காவின் கிழக்குக் கரையில் வசிப்பவர். மே மாத இறுதியில் வரும் நீண்ட வாரயிறுதியில் குடும்பத்தோடு கொலராடோ வருவதாகவும், போல்டர் நகரை ஒட்டிய மலைகளில் இரண்டு நாட்கள் நடக்க விரும்புவதாகவும், எங்கெங்கே போகலாம் என்று ஒரு பட்டியல் அனுப்பும்படியும் கேட்டிருந்தார். அனுப்பினேன். அதில் போகவேண்டிய இடங்கள் நான்கு வரி. கூடாதவை முப்பது வரி.

மறுநாள் பதில் வந்தது. ஒரே வரி. "காட்டுக்குக் கூப்பிடுகிறீர்களா, கருவூல அலுவலகத்துக்கா?"

சிரித்துவிட்டு மூடி வைத்தேன். ஆனால் கேள்வி மூடிக்கொள்ளவில்லை. இரண்டு நாட்களாக அவருக்கு எழுத நினைத்த பதில் நீண்டுகொண்டே போய், ஒரு கட்டத்தில் அது அவருக்கு மட்டும் உரியதல்ல என்று தோன்றியது. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

அவருடைய கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. இலக்கியம் வாசிக்கிறவர்களிடம் நடை என்றாலே திட்டமில்லாத நடை என்றோர் எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. கால்போன போக்கில் போகவேண்டும். கொஞ்சம் வழி தவறவேண்டும். எதிர்பாராத ஒரு திருப்பத்தில் எதிர்பாராத ஒன்றைக் காணவேண்டும். வரைபடத்தோடும் கடிகாரத்தோடும் போகிறவன் சுற்றுலாப் பயணி, வெறுங்கையோடு போகிறவனே ரசிகன் என்று நமக்குள் ஓர் ஏற்பாடு. தோரோவின் 'நடத்தல்' என்ற கட்டுரை அவர் மறைந்த சில வாரங்களில், 1862இல், அட்லாண்டிக் இதழில் வெளிவந்தது. இலக்கற்ற நடைக்கு ஏறக்குறைய ஒரு சமயத்தின் தகுதியைக் கொடுத்த கட்டுரை அது. படித்து மயங்காதவர்கள் நம்மில் குறைவு, நானும் மயங்கியவன்தான்.

ஆனால் தோரோ நடந்தது தன் சொந்த ஊரான கன்கார்டைச் சுற்றி. அவருடைய பிழைப்பு நில அளவை. எந்த வேலி யாருடையது, எந்தச் சதுப்பில் எந்த மாதம் நீர் வடியும் என்பதெல்லாம் அவருக்குப் பாடம். திட்டமே வேண்டாம் என்னுமளவுக்கு அந்நிலத்தை அறிந்திருந்தார். முதல் நாள் விமானத்தில் வந்திறங்கி மறுநாள் மலையேறும் நமக்கு அந்த வாழ்நாள் அறிவுக்குப் பதிலாக என்ன இருக்கிறது? ஒரு மணி நேரத் தயாரிப்பு. அவ்வளவுதான். அதையும் வேண்டாம் என்று ஒதுக்குவதைச் சுதந்திரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாதுகாக்கப்பட்ட ஒரு நிலத்துக்குப் போகத் திட்டமிடுவது அந்நிலத்துக்கு நாம் செலுத்தும் முதல் மரியாதை. அதிலும் 'கூடாது' என்று தொடங்கும் வரிகளைப் படிப்பதுதான் அந்த மரியாதையின் பெரும்பகுதி. இதுவே என் கட்சி.

*

இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். போல்டர், டென்வருக்கு வடமேற்கே சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில், சமவெளி முடிந்து ராக்கி மலைகள் தொடங்கும் கோட்டின்மேல் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 5,430 அடி. மக்கள்தொகை ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகம். நகரத்தின் மேற்கு விளிம்பில் செம்மணற்கல் பாறைகள் வரிசையாகச் சாய்ந்து நிற்கின்றன. ஃப்ளாட்அயர்ன் என்று பெயர். இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தால் அடிப்பக்கம் தெரியுமே, அந்தத் தோற்றம். இன்றைய ராக்கி மலைகளுக்கு முன்பே இங்கிருந்து தேய்ந்து அழிந்துபோன ஒரு மலைத்தொடரின் மணலும் சரளையும் ஏறத்தாழ 29 கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்து இறுகியவை இப்பாறைகள். பின்னர், ஆறேழு கோடி ஆண்டுகளுக்கு முன், இன்றைய மலைகள் எழுந்தபோது அவற்றோடு சேர்ந்து நிமிர்ந்தன. இறந்துபோன ஒரு மலையின் சாம்பலை உயிரோடிருக்கும் மலை தோளில் தாங்கி நிற்பதுபோல.

இந்தப் பாறைகளும், அவற்றின் பின்னேயுள்ள சிகரங்களும், நகரைச் சுற்றியுள்ள புல்வெளிகளும் சேர்ந்து 45,000 ஏக்கருக்கு மேல் நகராட்சியின் வசம் 'திறந்தவெளி மற்றும் மலைப் பூங்காக்கள்' என்ற துறையின்கீழ் இருக்கின்றன. நடைத்தடங்கள் மட்டும் சுமார் 155 மைல். 2016-17இல் எடுத்த கணக்கெடுப்பின்படி ஓராண்டில் இங்கே வந்துபோன வருகைகள் 62 லட்சத்துக்கும் மேல். அதே காலத்தில் பக்கத்திலிருக்கும் புகழ்பெற்ற ராக்கி மலை தேசியப் பூங்காவுக்கு வந்தவை ஏறத்தாழ 45 லட்சம். தேசியப் பூங்காவின் பரப்பு இதைப்போல ஐந்து மடங்குக்கு மேல் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

62 லட்சம் தோரோக்கள் கால்போன போக்கில் நடந்தால் என்ன மிஞ்சும் என்று நான் விளக்கவேண்டியதில்லை.

*

நண்பர் 'காடு' என்று எழுதியிருந்தார். அந்தச் சொல்லில்தான் என் சங்கடம் தொடங்குகிறது. முதன்முறை வருகிறவர் எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும்: நகரம் ஓரிடத்தில் முடிகிறது, அதற்கப்பால் இயற்கை அப்படியே விட்டுவைக்கப்பட்டிருக்கிறது. உண்மையில் இங்கே எதுவும் தானாக விட்டுவைக்கப்படவில்லை. அந்த எல்லைக்கோடு ஒவ்வொரு தடவையும் யாரோ கூட்டம் கூட்டி, கையெழுத்து வாங்கி, வாக்களித்து, காசு கொடுத்துப் போட்டது.

1898இல் டெக்சாஸ் ஆசிரியர்கள் கோடை வெம்மையிலிருந்து தப்பித்துப் பாடம் கேட்கவும் பாட்டுக் கேட்கவும் ஓரிடம் தேடினார்கள். அந்தக் காலத்தில் அமெரிக்காவெங்கும் பரவியிருந்த ஷடாக்வா என்ற முதியோர் கல்வி இயக்கத்தின் கிளை அது. போல்டர் மக்கள் கடன்பத்திரம் வெளியிட ஒப்புக்கொண்டு, பாறைகளின் அடிவாரத்தில் நிலம் வாங்கி அவர்களை வரவழைத்தார்கள். அந்த அரங்கம் இன்றும் நிற்கிறது. இன்று பெரும்பாலானோர் நடக்கத் தொடங்கும் புல்வெளியும் அதுதான். ஒரு மலைப் பூங்காவின் வரலாறு இலக்கியச் சொற்பொழிவுக்கான ஒரு கூடாரத்தில் தொடங்கியது என்பது நம்மைப் போன்றவர்களுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கலாம். 1908இல் பிரெடெரிக் லா ஓம்ஸ்டெட், நியூயார்க் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்தவரின் மகன், நகரத்தைப் பார்வையிட வந்தார். 1910இல் வெளியான அவருடைய அறிக்கை, தொழிற்சாலைகளைத் தேடிப் போகாமல் இருப்பதைக் காத்துக்கொள்ளும்படி அந்தச் சிற்றூருக்குச் சொன்னது.

முக்கியமான கட்டம் அரை நூற்றாண்டுக்குப் பிறகு வருகிறது. போர் முடிந்து நகரம் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. வீடுகள் மலைச்சரிவில் ஏறத் தொடங்கின. கொலராடோ பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் ராபர்ட் மெக்கெல்வியும் இயற்பியல் பேராசிரியர் ஆல்பர்ட் பார்ட்லெட்டும் இன்னும் சிலரும் ஒரு யோசனை கண்டுபிடித்தார்கள். மலையில் வீடு கட்டக்கூடாது என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நிலச் சொந்தக்காரர்கள் நீதிமன்றத்துக்குப் போயிருப்பார்கள். 5,750 அடி உயரத்துக்குமேல் நகராட்சி குடிநீர் தராது என்று மட்டும் நகரச் சாசனத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்கள். 1959இல் மக்கள் வாக்களித்து அதைச் சேர்த்தார்கள். நீலக்கோடு என்று அதற்குப் பெயர் வந்தது. தண்ணீர் ஏறாத இடத்தில் வீடு ஏறாது. அவ்வளவு எளிய கணக்கு. இன்றைக்கும் நகரத்திலிருந்து மேற்கே பார்த்தால் கூரைகள் ஓர் உயரத்தில் சொல்லிவைத்தாற்போல் நின்றுபோவதைக் காணலாம்.

கோட்டை மீற இடமே இல்லை என்பதில்லை. தேசிய வளிமண்டல ஆய்வு மையத்துக்காக 1961இல் மக்களே வாக்களித்து விலக்குக் கொடுத்தார்கள். மேட்டுநிலத்தின்மேல் ஐ.எம். பேய் கட்டிய அந்தச் செந்நிறக் கட்டடம் ஒரு நல்ல விதிவிலக்கு. அதற்கடுத்த மேட்டில் ஒரு சொகுசு விடுதி வரவிருந்தது. 1962இல் நகரம் வாக்களித்து, 1,05,000 டாலருக்குக் கடன்பத்திரம் போட்டு, அந்த 155 ஏக்கரை வாங்கிக்கொண்டது. இன்று பைன் மரங்களுக்கிடையே அமைதியாக நடக்கும் 'மாய மேடு' அதுதான். கடைசியாக 1967இல் விற்பனை வரி. ஒரு டாலருக்கு ஒரு சென்ட் கூடுதல் வரி. அதில் அறுபது பங்கு சாலைக்கு, நாற்பது பங்கு திறந்தவெளி வாங்க. திறந்தவெளிக்கென்றே ஒரு நகரத்து மக்கள் தம்மேல் தாமே வரி போட்டுக்கொண்டது அமெரிக்காவில் அதுவே முதல் தடவை.

இத்தனையும் எதற்குச் சொல்கிறேன் என்றால், நண்பருக்கு நான் அனுப்பிய கூடாதுகளின் பட்டியலும் இந்த வரலாற்றின் தொடர்ச்சிதான் என்பதற்காக. இங்கே முகாமடித்துத் தங்கக்கூடாது, ட்ரோன் பறக்கவிடக்கூடாது, நகரத்தை ஒட்டிய மேற்கு மலைத்தடங்களில் சைக்கிள் ஓட்டக்கூடாது. பிப்ரவரி முதல் தேதியிலிருந்து ஜூலை இறுதிவரை குறிப்பிட்ட சில பாறைகளின் பக்கம் போகவே கூடாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணமும், அநேகமாக ஒரு நீண்ட நகரமன்ற விவாதமும் பின்னால் இருக்கின்றன. நம் நண்பர் யாப்பைத் துறந்தவர். துறந்தவருக்கு யாப்பு தெரியும். எந்தச் சீரை எதற்காக உடைக்கிறோம் என்று தெரிந்து உடைத்தவர். அதைத்தான் இங்கேயும் கேட்கிறேன்.

*

நான் யோக்கியன் என்று காட்டிக்கொள்வதற்காக இதை எழுதவில்லை. சொல்லப்போனால் எதிர்மாறு.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதச் சனிக்கிழமை. ஊரிலிருந்து என் மைத்துனர் வந்திருந்தார். என் மகனுக்கு அப்போது பதினொரு வயது. எந்தத் தயாரிப்பும் செய்யவில்லை. உள்ளூர்க்காரன் என்ற மிதப்பு. பத்து மணிக்கு மேல் சாவகாசமாகப் போய், வண்டி நிறுத்த இடமில்லாமல் முக்கால் மணி நேரம் சுற்றி, எரிச்சலோடுதான் ஏறத் தொடங்கினோம். தடத்தின் தொடக்கத்தில் ஓர் அறிவிப்புப் பலகை இருந்தது. இன்ன பாறை, இன்ன தேதிவரை மூடப்பட்டிருக்கிறது என்று வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். பார்த்தேன், படிக்கவில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எழுதுகிறவர்களுக்குத் தெரியும்.

பாதி வழியில் ஒரு பாறைத்தொடரை நோக்கி மெல்லிய ஒற்றையடித் தடயம் ஒன்று பிரிந்தது. நமக்கு முன்னே யாரோ போயிருக்கிறார்கள். மைத்துனருக்குப் படமெடுக்க நல்ல இடம் வேண்டும். போனோம். கால்மணி நேரம்கூட ஆகியிருக்காது. பாறையின் உச்சியிலிருந்து ஒரு பறவை கத்தத் தொடங்கியது. கெக், கெக், கெக் என்று இடைவிடாத, கடினமான, உலோகத்தன்மையுள்ள குரல். பிறகு அது கிளம்பி எங்கள் தலைக்குமேல் வட்டமிட்டது. என் மகன் கைதட்டி மகிழ்ந்தான். நானும் மகிழ்ந்தேன். பைரி என்னும் வல்லூறு அது. அதன் வேகத்தைப் பற்றி அவனுக்கு நிறையச் சொன்னேன். பத்து நிமிடம் அங்கேயே நின்று பார்த்தோம்.

அது எங்களுக்காகப் பறக்கவில்லை. டிடிடி பூச்சிமருந்தால் முட்டையோடு மெலிந்து உடைந்து, அமெரிக்காவின் பெரும்பகுதியிலிருந்து ஏறத்தாழ அழிந்துபோன பறவை பைரி. மருந்தைத் தடை செய்து, கூண்டில் குஞ்சு பொரிக்கவைத்து, பாறைகளில் விட்டு, பல்லாண்டுகள் உழைத்த பின்பே 1999இல் அதன் பெயரை ஆபத்திலுள்ள உயிரினங்களின் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். அது கத்துவது கூட்டில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது என்பதற்கான அடையாளம். தாய் காற்றில் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் முட்டை குளிர்கிறது. மே மாதக் காற்று அந்த உயரத்தில் சில்லென்றிருக்கும். நாங்கள் ரசித்த பத்து நிமிடத்தின் விலை அதுவாக இருந்திருக்கலாம்.

இதெல்லாம் அன்றிரவு, மகன் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் தேடி வாசித்தபோதுதான் தெரிந்தது. "அது ஏம்ப்பா நம்மளப் பாத்துக் கத்துச்சு?" என்று கேட்டான். அந்த ஆண்டு அந்தக் கூடு என்ன ஆயிற்று என்பது எனக்குத் தெரியவரவில்லை. உறுத்துவது அதுதான். தவற்றின் விளைவு கண்ணில் பட்டிருந்தால் ஒரு முடிவு கிடைத்திருக்கும். இப்போது அந்தக் கத்தல் மட்டும் என்னோடு இருக்கிறது. அந்த ஒற்றையடித் தடயத்தை எங்கள் ஆறு கால்கள் இன்னும் கொஞ்சம் ஆழமாக்கிவிட்டு வந்தன. அடுத்து வந்தவருக்கு அது வழியாகவே தெரிந்திருக்கும்.

*

எதிர்த்தரப்பில் சொல்லத்தக்கவை இரண்டு உண்டு. அவற்றை மறைத்தால் இது விளம்பரக் கட்டுரை ஆகிவிடும்.

முதலாவது: இந்த நிலத்தைக் காத்தவர்கள் இதை யாரிடமிருந்து பெற்றார்கள்? அரபாஹோ, ஷாயென் மக்களின் மண் இது என்று 1851ஆம் ஆண்டு லாரமி கோட்டை உடன்படிக்கையில் அமெரிக்க அரசே ஒப்புக்கொண்டிருந்தது. 1864 ஆகஸ்டில் போல்டர் பகுதியைச் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் நகருக்குச் சற்று வெளியே இருந்த சேம்பர்ஸ் கோட்டையில் படைப்பயிற்சிக்குத் திரண்டார்கள். அந்தப் படைப்பிரிவு அவ்வாண்டு நவம்பர் 29 அன்று சேண்ட் க்ரீக்கில் நடந்த படுகொலையில் பங்கேற்றது. சமாதானத்தை நம்பிக் கூடாரமடித்திருந்த அரபாஹோ, ஷாயென் மக்கள் சுமார் 230 பேர் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். சேம்பர்ஸ் கோட்டை இருந்த நிலத்தை 2018இல் நகரம் திறந்தவெளிக்காக வாங்கியது; அதை என்ன செய்வது என்று அப்பழங்குடிகளின் பிரதிநிதிகளோடு கலந்து பேசத் தொடங்கியது. 'குடியேறிகள் பூங்கா' என்றிருந்த இடம் 2021இல் 'மக்கள் கடவை' என்று பெயர் மாறியது. பெயர் மாறுவதால் எதுவும் திரும்பி வராது. ஆனால் தடத்தின் தொடக்கத்தில் அந்தப் பெயரைப் படிக்கிறவன் இந்த இடத்தைக் 'கன்னி நிலம்' என்று இனி எழுதமாட்டான். அதுவும் ஒரு கூடாதுதான்; பலகையில் எழுதப்படாத ஒன்று.

இரண்டாவது என் சொந்த வயிற்றெரிச்சல். சுற்றிலும் நிலத்தை வாங்கி மூடி, 1971இல் கட்டடங்களின் உயரத்துக்கு 55 அடி உச்சவரம்பு வைத்து, 1976இல் புதிய வீடுகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு கட்டிய ஒரு நகரத்தில் வீட்டு விலை என்னாகும்? தனி வீட்டின் நடுத்தர விலை பத்து லட்சம் டாலரைத் தாண்டிச் சில ஆண்டுகளாகின்றன. அந்நகரில் நான் நான்காண்டுகள் வேலை பார்த்தேன். குடியிருந்தது நாற்பது நிமிடத் தொலைவில். காலையில் சமவெளியிலிருந்து மலையை நோக்கி ஊர்ந்துபோகும் கார்களின் வரிசையில் ஆசிரியர்கள், செவிலியர்கள், உணவகப் பணியாளர்கள், என்னைப்போல் மென்பொருள்காரர்கள். பச்சை வளையத்துக்குள் இருப்பவர்களுக்கு ஜன்னலில் மலை. வெளியே இருப்பவர்களுக்குக் கண்ணாடியில் பிரேக் விளக்கு. பேராசிரியர் பார்ட்லெட் மக்கள்தொகைப் பெருக்கத்தின் கணக்கைப் பற்றி ஒரே சொற்பொழிவை 1,700 தடவைக்கு மேல் நிகழ்த்தியவர், 2013இல் காலமானார். வளர்ச்சியை ஓரிடத்தில் நிறுத்தினால் அது மறையாமல் அடுத்த ஊருக்கு நகர்ந்துவிடும் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்தாகவேண்டும்.

அப்படியிருந்தும் அந்த நிலத்தை வாங்கியிருக்கக் கூடாது என்று என்னால் சொல்ல முடியவில்லை. வீடில்லாதவர்களுக்கு வீடு கட்ட நகரத்துக்குள்ளேயே இடமுண்டு. அதைச் செய்யாதது வேறு தவறு, அதற்கு மலை பொறுப்பல்ல. இன்னொன்று, இது மிகத் தாமதமாக எனக்கு உறைத்தது. அந்த வரி சொத்துவரியாக மட்டும் இருந்திருந்தால் நிலத்தை வாங்கியவர்கள் வீட்டுக்காரர்கள் என்று சொல்லலாம். அது விற்பனை வரி. நான்காண்டுகள் அந்நகரில் நான் குடித்த காப்பி, தின்ற மதிய உணவு, மகனுக்கு வாங்கிய சப்பாத்து எல்லாவற்றிலும் ஒரு சிறு துளி அந்த நிலத்துக்குப் போயிருக்கிறது. குடியிருக்க முடியாதவனும் காசு கொடுத்திருக்கிறான். ஆகவே அந்தப் பைரியின் பாறையும் ஓர் அணுவளவு என்னுடையது. நான் மீறியது என் சொந்த விதியை.

*

காப்பது என்பது ஒருமுறை வாங்கி வேலி போட்டுவிட்டால் முடிகிற காரியமுமல்ல. 2013 செப்டம்பர் வெள்ளம் பல தடங்களை அரித்துக்கொண்டு போயிற்று. 2021 டிசம்பர் 30 அன்று நகருக்குத் தெற்கே மார்ஷல் அருகே தொடங்கிய தீ, மணிக்கு நூறு மைலைத் தொட்ட காற்றில், காய்ந்த புல்வெளிகளின் வழியே ஓடி, லூயிவில், சுப்பீரியர் ஊர்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளைச் சில மணி நேரத்தில் சாம்பலாக்கியது. இரண்டு உயிர்கள் போயின. அன்று மாலை எங்கள் வீட்டுவாசலில் நின்று பார்த்தபோது மேற்கு வானம் முழுக்கப் புகை. திறந்தவெளி என்பது அழகான பின்னணி மட்டும் என்று நினைத்திருந்தவர்கள் அன்றைக்கு அது புல் என்பதைத் தெரிந்துகொண்டார்கள். மேய்ச்சலுக்கு மாடு விடுவதும், புல்லைக் குறைப்பதும், காற்று வேகமாக வீசும் நாட்களில் வரும் எச்சரிக்கைகளும் இப்போது வேறு அர்த்தத்தோடு வாசிக்கப்படுகின்றன.

சரி, நண்பருக்கான பதில். திட்டத்தை மாற்றாமல் மறுபடி எழுதுகிறேன், இம்முறை காரணங்களோடு.

முதல் நாள் விடிகாலை ஐந்தரைக்குக் கிளம்புவோம். ஷடாக்வாவில் வண்டி நிறுத்த அப்போதுதான் இடம் கிடைக்கும். கோடை வாரயிறுதிகளில் அங்கே நிறுத்தக் கட்டணம் உண்டு, நகரத்திலிருந்து இலவசப் பேருந்தும் உண்டு. கிளம்புவதற்கு முதல் நாள் இரண்டின் நேரத்தையும் துறையின் இணையதளத்தில் பார்த்துக்கொள்வேன். மூடப்பட்ட பாறைகளின் பட்டியலையும் அப்போதே. இன்னும் சில தடங்களின் தொடக்கத்தில் போல்டர் மாவட்டத்தில் பதிவுசெய்யாத வண்டிகளுக்கு மட்டும் கட்டணம், முணுமுணுக்காமல் கட்டிவிடுவோம். சீக்கிரம் போவதற்கு இன்னொரு காரணம் இடி. இங்கே கோடையில் பிற்பகல் மேகம் மலைக்குப் பின்னாலிருந்து வரும். வந்தது தெரியும்போது தலைக்குமேல் இருக்கும். நண்பகலுக்குள் மேட்டிலிருந்து இறங்கிவிடவேண்டும். நீங்கள் கடல் மட்டத்திலிருந்து வருகிறீர்கள். முதல் நாளே 8,461 அடி பேர் பீக் வேண்டாம். புல்வெளியில் தொடங்கி மாய மேட்டின் வழியே மேசா தடத்தில் தெற்கே நடப்போம். பாண்டரோசா பைனின் பட்டையில் மூக்கை வைத்து முகர்ந்து பாருங்கள், வெயிலேறினால் வனிலா மணக்கும். இது கூடாதுகளில் சேராது.

சேறு இருக்கும். மே மாதம் அப்படித்தான். சேற்றைச் சுற்றிக்கொண்டு புல்லில் கால்வைக்காதீர்கள். சேற்றின் நடுவிலேயே நடங்கள். ஒவ்வொருவரும் ஓரடி ஒதுங்கினால் ஒரு கோடையில் தடம் தெருவாகிவிடும். சப்பாத்தைக் கழுவிக்கொள்ளலாம். உணவுத் துணுக்கு எதையும் விடக்கூடாது. மனித உணவுக்குப் பழகிய கருங்கரடியின் முடிவு பெரும்பாலும் நல்லதாக இருப்பதில்லை. பூமாவைக் கண்டால் ஓடக்கூடாது. நிமிர்ந்து நின்று, பிள்ளைகளை அருகில் இழுத்துக்கொண்டு, மெல்லப் பின்வாங்கவேண்டும். காணமாட்டோம், அது நம்மைக் காணும்.

இரண்டாம் நாள் மலை வேண்டாம். தெற்கே சவுத் போல்டர் ஓடையை ஒட்டிய மேய்ச்சல் நிலத்தில் நடப்போம். வருகிறவர்கள் எல்லோரும் பாறையைப் பார்க்கிறார்கள். புல்லைப் பார்ப்பவர் குறைவு. நூறாண்டுகளுக்கு மேலாக மாடு மேய்ந்தும் உழவு படாத உயரப் புல் அங்கங்கே இன்னும் இருக்கிறது. தரையில் கூடு கட்டும் பறவைகளுக்கு இது அடைகாக்கும் காலம். உங்கள் நாய்க்கு அங்கே அனுமதி இல்லாத பகுதிகள் உண்டு. வீட்டில் விட்டு வாருங்கள், வருத்தப்படாது.

கடைசியாக ஒன்று. ரொட்டி, பழம், தண்ணீர் எதையும் வரும் வழியில் நெடுஞ்சாலைக் கடையில் வாங்காதீர்கள். போல்டர் நகரத்துக்குள் வந்து வாங்குங்கள். ஒரு டாலரில் ஒரு சென்ட்டுக்கும் குறைவுதான் அந்த நிலத்துக்குப் போகும். இருந்தாலும் உங்கள் குழந்தைகள் நடக்கப்போகும் தடத்தில் உங்கள் காசும் கொஞ்சம் கிடக்கட்டும். ரசீதை அவர்களிடம் காட்டுங்கள். நான் என் மகனுக்குக் காட்டினேன், பைரி கத்திய அந்த ஆண்டின் கோடையில், மூடிய பாறைகள் மறுபடி திறந்த பிறகு, அதே தடத்தின் தொடக்கத்தில், அறிவிப்புப் பலகையை இருவரும் வரிவரியாகப் படித்து முடித்த பின்னர்.

இதன் சுருக்கத்தை அவருக்கு அனுப்பினேன். இம்முறையும் ஒரே வரியில்தான் பதில்: "கருவூலத்துக்கு ஐந்தரைக்கே வரவேண்டுமா?"

ஆமாம் ஐயா. ஐந்தரைக்கே.